கரடிக்காரிக்கு ஒரு பெட்டி

அத்தியாயம் 14

"நீ தைரியமா போம்மா. பெட்டியை நான் பார்த்துக்கறேன்" என்று போன வாரம் டேப்பம்மா தன் மருமகளிடம் வீராப்பாகச் சொன்னாள் அல்லவா? சொல்லி முடித்த பிறகுதான், அது என்ன பெட்டி என்றே விசாரித்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பெட்டி என்று காதில் விழுந்தாலே அவளுக்குக் கை பரபரக்கும். கீழே அட்டைப்பெட்டிப் பட்டறை, மேலே வீடு. சோப்போ, செருப்போ, மின்விசிறியோ, எதுவானாலும் அதற்கேற்ற பெட்டிக்கு அட்டையில் கோடு போடுகிறவள் அவள்தான். இடுப்பில் எந்நேரமும் ஓர் இரும்பு டேப் செருகியிருக்கும். வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் மெல்ல வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது. வெட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அவள் கணவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினாலே அதிகம். மகன் சரக்கு வேனில் ஊர் சுற்றுகிறவன்.

இந்த வீட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த மருமகள், கார்ட்டூன் படங்களில் மிருகங்களுக்கு முடி வைக்கிறவள். எல்லாம் கணினியில்தான். நரிக்கு வால், பூனைக்கு மீசை என்று எது கொடுத்தாலும் செய்வாள். ஆனால் கரடி என்று வந்துவிட்டால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தெருவில் அவளுக்குப் பெயர் கரடிக்காரி. அவளுக்கும் அதில் ரகசியப் பெருமை உண்டு.

நான்கு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் ஒரு பெரிய ஸ்டூடியோ அவளைக் கூப்பிட்டிருந்தது. ஒரு தாய்க் கரடி, நாலு குட்டிகள், பத்து மாத வேலை. ஆனால் ஒரு நிபந்தனை. சொந்த இயந்திரத்தோடு, அதாவது சொந்தக் கணினியோடு, வருகிறவர்கள் வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும், மிச்சத்தை வீட்டிலிருந்தே செய்யலாம். ஸ்டூடியோ இயந்திரம்தான் வேண்டும் என்றால் ஆறு நாளும் அங்கேயே இருக்க வேண்டும். எது என்று வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுதிவிட வேண்டும்.

"ஆறு நாள்னா வேண்டாம்னு எழுதிடுவேன் அத்தை. கல்யாணம் பண்ணிக்கிட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் வீட்டுக்கு வர்றதுக்கு நான் என்ன விருந்தாளியா?" என்று மருமகள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

அவளுடைய கணினி பீரோவுக்குத் தங்கச்சி மாதிரி ஒரு சாமான். இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். மடிக்கணினியில் முயன்று பார்த்தாயிற்று. ஒரு குட்டிக்கு முடி வைப்பதற்குள் அது கொதித்து, இரைந்து, மயக்கம் போட்டுவிட்டது. ஆக இருந்த வழி ஒன்றே ஒன்று. பீரோவின் குடலை எடுத்து, தோள்பையில் அடங்குகிற ஒரு சின்ன கேபினெட்டுக்குள், அதாவது கணினிக் கூட்டுக்குள், வைக்க வேண்டும். பஸ்ஸின் அடிவயிற்றில் போட்டால் குலுக்கிக் கொன்றுவிடுவார்கள். அதனால் பை தலைக்கு மேலே தட்டில்தான் ஏற வேண்டும்.

இன்று வியாழக்கிழமை.

*

காலை ஒன்பது மணிக்கு டேப்பம்மா பட்டறை மேசையில் இருந்த சோப்புப் பெட்டிகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"ம், ஒண்ணொண்ணா காட்டு. பெண் பார்க்க ஆரம்பிக்கலாம்."

மருமகள் போனில் ஐந்து கேபினெட்டுகளின் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். ஒன்று வெள்ளை, ஒன்றின் முகத்தில் மரப்பட்டை, ஒன்றுக்கு மேலே கைப்பிடி, ஒன்று முழுக்கக் கண்ணாடி. கடைசியாக வந்தது கறுப்பு. உடம்பெல்லாம் சல்லடைக் கண்.

"இந்தக் கண்ணாடிக்காரி நல்லாத்தான் இருக்கா. பஸ்ல போனா நாலே நாள்ல நொறுங்கிடுவா" என்றாள் டேப்பம்மா. "படத்தைப் பார்த்து என்னத்தைத் தெரியும்? அளவைச் சொல்லு. வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு?"

"உள்ளே எல்லாமே சின்னச் சின்ன சாமான்தான் அத்தை. படத்தை உருவாக்கற இந்த கிராஃபிக்ஸ் கார்டுதான் நீளம். அது நுழைஞ்சிட்டா மத்ததெல்லாம் தானா உட்கார்ந்துடும்."

"அதைக் கழட்டிக்கிட்டு வா."

"முடியாது. கடைசிக் கரடி உள்ள படமா வெந்துக்கிட்டிருக்கு. சாயங்காலம் வரைக்கும் மெஷினை நிறுத்தக் கூடாது. நான் போன மாசமே அளந்து எழுதி வெச்சிருக்கேன்" என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள் மருமகள். முப்பத்தொன்றரை சென்டிமீட்டர் என்று இருந்தது.

தோள்பையை மகன் காலையிலேயே அளந்து சொல்லிவிட்டுத்தான் வேனை எடுத்திருந்தான். நீளம் முப்பத்தைந்தரை.

அப்புறம் பார்க்க வேண்டுமே டேப்பம்மாவை! அட்டையை இழுத்தாள், கோடு போட்டாள், கட்டரை ஓட்டினாள், மடித்தாள், ஒட்டினாள். பதினொரு மணிக்குள் ஐந்து கேபினெட்டுகளும் அட்டையில் அசல் அளவில் எழுந்து நின்றன. கார்டு உட்காரும் இடத்துக்கு உள்ளே தடுப்புகூட வைத்திருந்தாள். கார்டுக்கும் ஒரு அட்டை டம்மி தயாராயிற்று. கைப்பிடிக்காரிக்கு நிஜமாகவே ஒரு கைப்பிடி வைத்திருந்ததைப் பார்த்து மருமகள் கை தட்டினாள்.

"அத்தை, நீங்க கம்ப்யூட்டர் கம்பெனியே வைக்கலாம்."

"வெச்சிடுவேன். உள்ள என்ன போடறதுன்னுதான் தெரியாது."

இருவரும் சிரித்த சிரிப்பில் வெட்டும் இயந்திரம் ஒரு கணம் நின்றது. "என்ன?" என்றார் கணவர் எட்டிப் பார்த்து. அன்றைய பத்தில் ஒன்று செலவானது.

*

சோதனை ஆரம்பித்ததும் சிரிப்பு குறைந்தது.

கறுப்புச் சல்லடையின் நீளம் முப்பத்து மூன்று. பையில் சமர்த்தாக உட்கார்ந்தது. ஆனால் உள்ளே கார்டுக்கு இடம் முப்பத்தொன்றுதான். டம்மி முட்டிக்கொண்டு நின்றது. வெள்ளையும் பைக்குள் போயிற்று, அதிலும் டம்மி அரை சென்டிமீட்டர் துருத்தியது. மற்ற மூன்றிலும் டம்மி ஜோராகப் போனது, பையின் ஜிப்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"திருப்பிப் போட்டுப் பாருங்க."

"எப்படிப் போட்டாலும் அட்டை நீளுமா?"

"சாய்ச்சு?"

சாய்த்தும் பார்த்தார்கள். மருமகள் பையின் உள்பட்டையைப் பிய்க்கலாமா என்றுகூடக் கேட்டாள். ஒரு மணி வரை மல்லுக்கட்டிய பிறகு டேப்பம்மா டம்மியை மேசையில் போட்டாள்.

"இல்லம்மா. பையில போறதுல இது போகல. இது போறது பையில போகல."

மருமகள் கொஞ்ச நேரம் அந்த ஐந்து பெட்டிகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் தொங்கிப்போயிருந்தது. அடுத்த நிமிஷமே அதைத் தூக்கி நிறுத்திக்கொண்டாள்.

"சரி, விடுங்க அத்தை. கரடி இங்கயும் வளரும். நான் போய் லெட்டரை எழுதறேன். அஞ்சு மணி வரைக்கும் இழுத்தடிச்சா மனசு மாறிடும்."

அவள் படியேறிப் போனாள். டேப்பம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பது வருஷத்தில் அவள் கைக்கு அடங்காத சாமான் இதுதான் முதல்.

மனசு சரியில்லை என்றால் அவள் ஒரு காரியம் செய்வாள். வேறு யாரோ செய்த பெட்டி ஒன்றை எடுத்து, பிரித்து, எப்படி மடித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். மகன் கல்யாணத்தில் வந்த பரிசுகளைவிட அவை வந்த பெட்டிகளைத்தான் அவள் அதிக நேரம் பார்த்தாள் என்று வீட்டில் இன்றும் கேலி உண்டு.

மேலே போனவள், பரண் ஓரத்தில் இருந்த அந்த கிராஃபிக்ஸ் கார்டு வந்த பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நல்ல கனத்த அட்டை. மூலையில் ஒரு பிசிறு கிடையாது. உள்ளே கறுப்பு ஸ்பாஞ்சில் கார்டின் வடிவத்திலேயே பள்ளம் வெட்டியிருந்தார்கள்.

"யாரு பெத்த பிள்ளையோ, என்னமா வெட்டியிருக்கான்!" என்று பள்ளத்தைத் தடவினாள். இடுப்பிலிருந்து டேப் தானாகவே கைக்கு வந்தது.

முப்பதரை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை அளந்தாள். முப்பதரைதான். பள்ளத்தைவிடக் கார்டு பெரியதாக இருக்க வழியே இல்லை. பெட்டி செய்கிற எவனும் சாமானைவிடச் சின்னதாகப் பள்ளம் வெட்ட மாட்டான்.

அப்படியானால் கீழே கிடக்கும் டம்மி? அது முப்பத்திரண்டரை. இரண்டு சென்டிமீட்டர் எங்கிருந்து முளைத்தது?

ஒரு சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். யார் எந்தச் சாமானின் அளவைச் சொன்னாலும், கை ஒரு சென்டிமீட்டர் தாராளமாகத்தான் கோடு போடும். பட்டறைப் பழக்கம். சாமான் நோகாமல் போய் வர வேண்டுமே! அவள் அதை யாரிடமும் சொல்வதில்லை, தனக்கே சொல்லிக்கொள்வதில்லை.

இன்னொரு சென்டிமீட்டர்? சீட்டில் முப்பத்தொன்றரை. ஆக, அந்தப் பெண்ணும் அளக்கும்போதே ஒன்று சேர்த்திருக்கிறாள்!

கறுப்புச் சல்லடையில் கார்டு போகும். அரை சென்டிமீட்டர் மிச்சமாகவே போகும்.

டேப்பம்மா எழுந்துகொள்ளப் பார்த்தாள். எழுந்துகொள்ளவில்லை.

அடுத்த அறையில் மருமகள் போனில் தட்டும் சத்தம் கேட்டது. வேண்டாம் என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுதி அனுப்பிவிட்டால் ஸ்டூடியோ இல்லை, பஸ் இல்லை. திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் முன்போலவே இருக்கும். காலை பதினொரு மணிக்கு இரண்டு டம்ளரோடு படியிறங்கி வருவாள். கரடி இன்று என்ன அழும்பு செய்தது என்று சொல்வாள். இந்த வீட்டில் முப்பது வருஷமாக டேப்பம்மா சொன்ன பகடிகளுக்கு யாரும் சிரித்ததில்லை. கணவருக்குப் பேச்சே கிடையாது, மகனோ வேனில். இவள் வந்த பிறகுதான் தன் வாய்க்கு இத்தனை ருசி உண்டு என்று அவளுக்கே தெரிந்தது.

பேசாமல் இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். பெட்டியை மூடிப் பரணில் வைத்துவிட்டால் முடிந்தது.

மூடினாள். மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். கால் மணி நேரம் ஓடியது. 

"அத்தை, எழுதிட்டேன். ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று மருமகள் போனோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். உரக்கப் படித்தாள்.

"உங்கள் அழைப்புக்கு நன்றி. சொந்த இயந்திரத்தைச் சிறிய கேபினெட்டில் கொண்டுவர எல்லா வகையிலும் முயன்றோம். பொருந்தவில்லை. என் மாமியார் முப்பது வருஷமாகப் பெட்டி செய்கிறவர். அவர் அளவு தவறியதே இல்லை. அவரே முடியாது என்று சொன்ன பிறகு வேறு வழி..."

"நிறுத்து, நிறுத்து!"

டேப்பம்மா எழுந்த வேகத்தில் மடியில் இருந்த பெட்டி உருண்டது.

"என் பேரை எதுக்கு அதுல போட்டே?"

"உண்மையைத்தானே எழுதினேன்?"

"என் அளவு தப்பு! எவனோ ஊர் பேர் தெரியாதவனுக்கு, என் பேரைப் போட்டு, தப்பான அளவை அனுப்புவியா? அழி அதை, முதல்ல அழி!"

மருமகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விழித்தாள். டேப்பம்மா ஸ்பாஞ்சை எடுத்து டேப்பை வைத்துக் காட்டினாள்.

"முப்பதரை. நீ எவ்வளவு எழுதினே?"

மருமகளின் கை வாய்க்குப் போனது. "ஐயோ. வயருக்கு இருக்கட்டுமேன்னு ஒரு சென்டிமீட்டர்... வயர் பக்கவாட்டுலதான் வருது. ஒரு பயத்துல சேர்த்துட்டேன் அத்தை."

"நான் பழக்கத்துல சேர்த்துட்டேன்."

"நீங்களுமா?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பு மருமகளிடம்தான் முதலில் வெடித்தது. டேப்பம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அதில் எது சிரிப்புத் தண்ணீர் என்று அவளுக்கே தெரியவில்லை.

பையை நேரிலேயே போட்டுப் பார்த்தாயிற்று, ஆனாலும் ஒரு சந்தேகம் வந்து டேப்பம்மா மகனுக்குப் போன் போட்டாள்.

"ஏண்டா, பை நிஜமா எவ்வளவு?"

"அதான் சொன்னேனேம்மா, முப்பத்தஞ்சரை."

"டேப்புல எவ்வளவு காட்டிச்சு?"

வேன் இரைச்சலுக்கு நடுவே மகன் தொண்டையைச் செருமினான். "முப்பத்தேழு. ஜிப் பிஞ்சிடக் கூடாதேன்னு ஒண்ணரை குறைச்சேன். கரடிக்காரிக்குப் பிடிச்ச பையாச்சே."

"ஒரு வீட்டுல மூணு பேரு, மூணு பேருக்கும் கொழுப்பு!" என்று போனை வைத்தாள்.

*

மணி மூன்று இருபது. இப்போது ஒன்றல்ல, இரண்டு மணப்பெண்கள் தயார். கறுப்பும் வெள்ளையும்.

"வெள்ளை அழகா இருக்கு" என்றாள் மருமகள்.

"வெள்ளைக்குக் கண்ணு எங்கே இருக்கு? முன்னாடி மூஞ்சி பூரா மூடியிருக்கு. உன் கரடி உள்ள வேகும்போது ஆவி எந்தப் பக்கம் போகும்?"

"பின்னாடி..."

"பின்னாடி மட்டும் ஓட்டை இருந்தா பழப்பெட்டியே புழுங்கிடும். இதைப் பாரு, நாலு பக்கமும் சல்லடை."

"சரி. ஆனா தூக்கிப் பார்க்காம முடிவு பண்ணக் கூடாது."

சமையல் தராசில் அட்டைத் துண்டுகளை நிறுத்து, கறுப்பு மாதிரிக்குள் ஆறு கிலோ திணித்தார்கள். பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்கள். சர்ரென்று மூடிக்கொண்டது. மருமகள் தோளில் மாட்டிக்கொண்டு படியில் ஏறி இறங்கினாள். மூன்றாவது தடவை ஓடினாள். பஸ் புறப்படும் சத்தத்தை டேப்பம்மா வாயாலேயே போட்டாள்.

"ஏறு, ஏறு! ஜன்னல் சீட்டு போச்சு!"

மருமகள் பையோடு பாய்ந்து, சோப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்த தட்டின் மேல் அதை ஏற்றிவிட்டு, இரண்டு கையையும் தூக்கினாள். கணவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

"போகுதா?"

"போகுது மாமா!"

"நல்லது" என்றார். வாயெல்லாம் பல்லாக அவர் திரும்பிப் போனதை டேப்பம்மா கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்த்தாள்.

நாலே முக்காலுக்குப் புதிய கடிதம் போயிற்று. சொந்த இயந்திரத்தோடு வருகிறேன், மூன்று நாள். அடுத்த நிமிஷம் கறுப்புச் சல்லடைக்கு ஆர்டரும் கொடுத்தாயிற்று. எட்டு நாளில் வீட்டுக்கு வந்து சேரும் என்று போன் சொன்னது.

பட்டறை மேசையில் இருவரும் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். டேப்பம்மாவுக்கு அந்தக் கால் மணி நேரம் தொண்டையில் முள்ளாக நின்றது.

"ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ லெட்டரைப் படிச்சுக் காட்டினப்போ இல்ல, அதுக்குக் கால் மணி முன்னாடியே எனக்கு அளவு தெரியும்."

மருமகள் திரும்பிப் பார்த்தாள்.

"தெரிஞ்சும் சொல்லல. பெட்டியை மூடி மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"ஏன் அத்தை?"

"நீ போயிடுவியே."

"மூணு நாள்தானே அத்தை."

"மூணு நாளும் நாள்தானே."

மருமகள் கொஞ்சம் நகர்ந்து வந்து, பசை காய்ந்திருந்த அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "கால் மணிதானே உட்கார்ந்தீங்க? நானா இருந்தா அஞ்சு மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்" என்றாள். டேப்பம்மாவுக்கு முள் இறங்கிவிட்டது.

போன் மணியடித்தது. ஸ்டூடியோவிலிருந்து பதில். மருமகள் ஆசையாகப் படிக்க ஆரம்பித்தாள், பாதியில் குரல் இறங்கிப்போனது.

"மிக்க மகிழ்ச்சி. பணி முன்கூட்டியே தொடங்குகிறது. வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உங்கள் இயந்திரத்துடன் வந்துவிடவும்."

"திங்களா? இந்தத் திங்களா?"

"பெட்டி அடுத்த வெள்ளிதானே வரும்!" மருமகள் விரல்விட்டு எண்ணினாள். பிறகு மெல்லச் சொன்னாள், "ஒரு வாரம் தள்ளிக் கேட்கட்டுமா அத்தை? கேட்டா கொடுப்பாங்கன்னு நினைக்கிறேன். கொடுக்கலைன்னா அப்போ பார்த்துக்கலாம்."

ஒரு வாரம். முழுதாக ஏழு நாள். மதியம் யாருக்கும் தெரியாமல் திருடப் பார்த்தது, இப்போது யாரும் குறை சொல்ல முடியாதபடி தானாகவே மடியில் வந்து விழுகிறது. டேப்பம்மா அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"கேட்காதே" என்றாள். "அந்தப் பெட்டி இந்த நிமிஷம் எங்கே உட்கார்ந்திருக்குன்னு பாரு."

மருமகள் போனைத் தேய்த்தாள். "கம்பெனி கிடங்குல. இங்கிருந்து இருநூத்தெண்பது கிலோமீட்டர். நேர்ல போனா கொடுப்பாங்களான்னு போடல அத்தை."

"கொடுக்கறாங்களா இல்லையான்னு அங்கே போய் நின்னு பார்ப்போம். அது வர வேண்டாம். நாம போவோம்."

அதற்குள் மகனுக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது.

"டேய், வேனைத் திருப்பு."

"எங்கம்மா?"

"முதல்ல திருப்பு. அப்புறம் சொல்றேன்."